சரி சொன்ன வாத்தியார்

“ஐயா, இந்த வருஷமாவது எனக்குக் கல்யாணம் ஆகுமா?” என்று கேட்டான் வெடி.

“சரி,” என்றார் வாத்தியார்.

“பொண்ணு படிச்சவளா இருப்பாளா?”

“சரி.”

“என்னைப் பார்த்ததும் சம்மதிச்சுடுவாளா?”

“சரி, சரி.”

வெடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பினான். “பாஸ், என்னைப் பெத்த அம்மாவே இவ்வளவு நம்பிக்கையா சொன்னது கிடையாது. இவரை விட்டுட்டு வர எனக்கு மனசே இல்ல.”

தராசு சிரிக்கவில்லை. அவளுக்கு வைத்த பெயர் வேறு. யார் என்ன சொன்னாலும் நிறுத்துப் பார்த்த பிறகே நம்புவாள் என்பதால், துப்பறியும் தொழிலில் அவள் தராசு ஆகிவிட்டாள். அவளுடைய உதவியாளன் ஏன் வெடி என்பதற்கு விளக்கம் தேவையில்லை. வாயைத் திறந்தால் போதும்.

ஜன்னலோரம் பெரிய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் வாத்தியார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இந்த வட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கியவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை பாதி போயிற்று. பேச்சு முழுதாகப் போயிற்று. கால்களும் ஒரே ஒரு வார்த்தையும் மட்டும் தப்பித்தன. அந்த வார்த்தைதான் இப்போது கேஸ்.

“மேடம், இவரைப் பார்த்தாலே தெரியலையா?” என்றாள் மகள். தராசை அமர்த்திய கட்சிக்காரி அவள்தான். அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். “என்ன கேட்டாலும் சரி. இப்படிப்பட்ட மனுஷர்கிட்ட என் தம்பி வீட்டைத் தானமா எழுதி வாங்கியிருக்கான். பதிவு அதிகாரியை வீட்டுக்கே வரவழைச்சு, வீடியோ எடுத்து, எல்லாம் சட்டப்படி! இப்ப ஃப்ளாட் கட்டுறவங்களோட ஒப்பந்தமும் போட்டுட்டான்.”

கூடத்து மூலையில் மடித்த அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. தம்பி அனுப்பியவை.

“நாளைக்குக் காலையில தடை உத்தரவு கிடைக்கலைன்னா சாயந்திரமே வீட்டைக் காலி பண்ணிடுவான். அப்பாவுக்கு முதியோர் இல்லத்துல ரூம் போட்டு வச்சிருக்கான். எட்டுப் பேருக்கு ஒரு ரூம். ரெண்டு வருஷமா இவரைக் குளிப்பாட்டி, துடைச்சு, ஊட்டி விடறவ நான். அவன் மாசத்துக்கு ஒரு தடவை வந்து செல்ஃபி எடுத்துட்டுப் போவான்.”

“நான் எதை நிரூபிக்கணும்?” என்றாள் தராசு.

“அப்பாவுக்கு எதுவும் புரியாதுன்னு. அவ்வளவுதான்.”

வெடி நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஐயா, நாற்காலி ஜோரா இருக்கே. நான் தூக்கிட்டுப் போயிடட்டுமா?”

“சரி,” என்றார் வாத்தியார்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த டீ டம்ளர் கிணுகிணுத்தது.

தராசு டம்ளரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் ரெக்சின் விரிப்பு ஒட்டியிருந்தது. இடது காலடியில் பூப்போட்ட டிசைன் புதுசாக இருந்தது. வலது காலடியில் பூவும் இல்லை, விரிப்பும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து, அடியில் சிமெண்ட் தெரிந்தது.

“இது என்ன?”

“அதுவா? கால் இழுப்பு, மேடம். அப்பப்ப வெட்டி வெட்டி உதைக்கும். தன்னிச்சையான தசை இழுப்புன்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார். அந்த சர்டிஃபிகேட்டையும் மனுவோட சேர்த்துத் தாக்கல் பண்ணியிருக்கோம். கால் கூட அவர் வசத்துல இல்லைன்னு ஜட்ஜுக்குத் தெரியட்டுமே!”

வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ ஒருவர் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

* * *

பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, இயர்போனின் ஒரு முனையைத் தராசும் மறு முனையை வெடியும் காதில் செருகிக்கொண்டார்கள். வெடியின் போன் திரையில் குறுக்கே ஒரு விரிசல். அதற்குப் பின்னால் தம்பி தரப்பு கோர்ட்டில் கொடுத்திருந்த வீடியோ ஓடியது.

“காதலர்கள்னு நினைச்சுக்கப் போறாங்க, பாஸ்.”

“உன்னைப் பார்த்தா யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது. சத்தத்தைக் கூட்டு.”

அதே கூடம். அதே நாற்காலி. வாத்தியார் மார்பு வரைக்கும் தெரிந்தார். முன்னால் மேஜை, மேஜை மேல் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். எதிரே பதிவு அதிகாரி. ஓரத்தில் தம்பியின் தோள், இஸ்திரி மடிப்புக் கலையாமல்.

“பெரியவரே, இது உங்க வீடுதானே?” என்றார் அதிகாரி.

“சரி.”

“இவர் உங்க மகன்தானே?”

“சரி.”

“இந்த வீட்டை இவருக்குத் தானமா எழுதிக் கொடுக்கறீங்களா?”

“சரி.”

தொப்.

“முழு மனசோடதானே?”

“சரி.”

தொப்.

“இன்னியிலேருந்து வீடு உங்களோடது இல்ல. அது தெரியும்ல?”

“சரி, சரி.”

தொப். தொப்.

அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். தம்பியின் கை வந்து அப்பாவின் இடது கட்டை விரலைப் பிடித்து மைப் பெட்டிக்குக் கொண்டுபோயிற்று. வீடியோ முடிந்தது.

“நடுவுல என்ன தொப்பு தொப்புன்னு ஒரு சத்தம்?” என்றாள் தராசு.

“பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்க. இதுக்கெல்லாம் துப்பு துலக்கணும்னா நாம ஆசாரியைத்தான் தேடணும்.”

“கேள்வியைப் பார்த்துப் பார்த்தா ஆணி அடிப்பான்? ‘உங்க வீடுதானே’ன்னா அடிக்கல. ‘உங்க மகன்தானே’ன்னா அடிக்கல. ‘கொடுக்கறீங்களா’ன்னதும் அடிக்கறான். இன்னொரு தடவை போடு. இந்தத் தடவை தண்ணியை மட்டும் பாரு.”

வெடி போட்டான். ஒவ்வொரு சத்தத்துக்கும் தம்ளரில் தண்ணீர் வட்டமிட்டு நடுங்கியது. அவன் வாய் மெல்லத் திறந்தது. எதுவும் வெடிக்கவில்லை.

“கால்,” என்றான் கடைசியில்.

“கால்தான். நீ நாற்காலியைத் தூக்கிட்டுப் போறேன்னு சொன்னப்பவும் உதைச்சார். தசை இழுப்புக்கு எது என்ன கேள்வின்னு தெரியாது, வெடி. அந்தக் காலுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“அப்ப அவருக்குப் புரியுது!”

“புரியுது. ஆனா என்ன சொல்றார்? வேணும்னு சொல்றாரா, வேணாம்னு சொல்றாரா? மகனுக்குக் கொடுக்கற சந்தோஷத்துல தரையைத் தட்டினார்னு எதிர்த் தரப்பு சொல்லும். இல்லைன்னு உன்னால சொல்ல முடியுமா?”

வெடி உதட்டைப் பிதுக்கினான்.

“வாய் போச்சுன்னா மனுஷன்கிட்ட மிச்சம் இருக்கறது பழக்கம்தான்,” என்று எழுந்தாள் தராசு. “ஆயுசு முழுக்க அந்தக் கால் என்ன வேலை பார்த்துச்சுன்னு பார்த்துட்டு வருவோம். உனக்கு கார் ஓட்டத் தெரியுமா?”

“தெரியும் பாஸ். லைசென்ஸ் கொடுக்கறவங்களுக்குத்தான் அது தெரிய மாட்டேங்குது. மூணு தடவை ஃபெயில் ஆக்கிட்டாங்க.”

“ரொம்ப நல்லதாப் போச்சு.”

* * *

வாத்தியார் நடத்திய டிரைவிங் ஸ்கூலை இப்போது அவருடைய மாணவி நடத்திக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி. கட்டை விரலில் கியர் பிடித்த தழும்பு காய்த்திருந்தது. எல்லாருக்கும் அவள் கியர் அக்கா. ஒரு அறை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த பெரிய படம், வாசலில் தலையில் பலகை சுமந்த ஒரு பழைய கார்.

“வாத்தியாரைப் பத்திக் கேக்க வந்தீங்களா?” முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. “எப்படி இருக்கார்? நான் ரெண்டு தடவை போனேன். ‘அவருக்கு ஆளே அடையாளம் தெரியாது, வந்து என்ன செய்யப் போறீங்க’ன்னு அவங்க பொண்ணு வாசல்லயே சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் போகல.”

“அவரைப் பத்திப் பேச வேண்டாம்,” என்றாள் தராசு. “இவனுக்கு ஒரு பாடம் எடுங்க. நான் பின் சீட்ல உக்காந்துக்கறேன்.”

கியர் அக்கா வெடியை ஏற இறங்கப் பார்த்தாள். “தம்பி இதுக்கு முன்ன ஓட்டியிருக்காரா?”

“ஓட்டியிருக்கேன் அக்கா. வண்டிதான் கூட வரல.”

மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலை. வெடி ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான். பக்கத்து இருக்கையில் கியர் அக்கா. அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு கிளச், ஒரு பிரேக். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, இரண்டு இருக்கைகளுக்கும் இடையே தலையை நீட்டியிருந்தாள் தராசு.

வண்டி மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

“பாஸ், ஓடுது! நானே ஓட்டறேன்!”

“ரோட்டைப் பாருடா.”

சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டி வெளியே வந்தது. அதன் மேல் ஜன்னல்களுக்கு வெட்டிய கண்ணாடிப் பலகைகள், சாய்த்து நிறுத்தி, கயிறு கட்டி. தள்ளிக்கொண்டு வந்தவர் நின்று, கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தார். சரியாகச் சாலையின் நடுவில்.

வெடி பார்த்தான். பார்த்துவிட்டு, தன் வழக்கப்படி, தப்பான பெடலை அழுத்தினான். வண்டி பாய்ந்தது.

“சரி... சரி... நல்லா ஓட்டறீங்க,” என்றாள் கியர் அக்கா, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில்.

கார் அறைந்தாற்போல் நின்றது. தராசின் நெற்றி முன் இருக்கையில் மோதியது. கண்ணாடி வண்டிக்கும் காருக்கும் இடையில் ஒரு ஆள் புகுந்து போகிற அளவுக்குக் கூட இடமில்லை. வண்டிக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நெற்றியைத் தடவிக்கொள்ளவும் மறந்து, தராசு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் அக்காவின் வலது கால் இன்னும் பிரேக்கின் மேல் விறைத்து நின்றது. பெடல் தரையோடு தரையாக இருந்தது. முகத்தில் மட்டும் சலனமே இல்லை. புன்னகை கூட இருந்தது.

“அக்கா,” என்றான் வெடி. “எல்லாரும் சாகப் போற நேரத்துல எதுக்கு சரின்னு சொன்னீங்க?”

“பின்ன? நிறுத்துன்னு கத்தினா கத்துக்க வந்தவங்க அரண்டுடுவாங்க. அரண்டா இன்னும் அழுத்தி மிதிப்பாங்க. வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். வாய் எப்பவும் சரின்னுதான் சொல்லணும். வேணாங்கறதைக் கால் சொல்லணும்.”

தராசு தலையை இன்னும் முன்னால் நீட்டினாள்.

“அதை இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள் தராசு.

“வாய் சரின்னு சொல்லணும். கால்...” கியர் அக்கா சிரித்துவிட்டாள். “எங்க ஸ்கூல்ல வேலை பார்த்த எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு, மேடம். வீட்டுல எங்க வீட்டுக்காரர் ஏதாவது உளறினா, நானும் ‘சரிங்க’ன்னு சொல்லிக்கிட்டே தரையை மிதிப்பேன். அவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது.”

“இடம் மாறி உக்காருங்க அக்கா,” என்றாள் தராசு. “வண்டியை நீங்களே ஓட்டுங்க. வாத்தியார் வீட்டுக்கு.”

* * *

விளக்குப் போடுகிற நேரம். கூடத்தில் மகளுடைய வக்கீலும் இருந்தார். மடியில் கோப்பு, பக்கத்தில் ஒரு மைப் பெட்டி. மகள் அப்பாவின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கியர் அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இறுகியது.

வாத்தியாரின் முகம் இறுகவில்லை. கியர் அக்கா நாற்காலியின் முன் மண்டியிட்டாள். “சார், நான்தான் சார். முதல் நாளே உங்க காரைக் கொண்டுபோய்ச் சாக்கடையில விட்டவ.”

“சரி,” என்றார் வாத்தியார். கண்கள் நிறைந்து வழிந்தன. கால் அசையவில்லை.

“எல்லாரும் தரையைப் பாருங்க,” என்றாள் தராசு. “அவர் முகத்தைப் பார்க்காதீங்க. ஐயா, நீங்க டிரைவிங் சொல்லிக் கொடுத்தவர்தானே?”

“சரி.” கால் அசையவில்லை.

“இந்தப் பையன் நல்லா கார் ஓட்டுவான். உங்க ஸ்கூல் வண்டியை இவன்கிட்ட கொடுத்துடலாமா?”

வாத்தியார் வெடியைப் பார்த்தார். “சரி.”

தொப்.

“பாஸ், இவருக்குப் புரியுது. அநியாயத்துக்குப் புரியுது,” என்றான் வெடி.

“ஐயா, உங்க வீட்டை உங்க மகனுக்குக் கொடுக்கணும்னு நீங்க நினைச்சீங்களா?”

“சரி, சரி,” என்றது வாய், சாந்தமாக, பயந்த மாணவனைத் தேற்றுகிற குரலில். வலது கால் சிமெண்டின் மேல் இறங்கிய வேகத்தில் மூலையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்று சரிந்து விழுந்தது. கால் திரும்ப எழவில்லை. அங்கேயே அழுந்தி நின்றது, தொடை நடுங்க.

“இழுப்பு இல்ல,” என்றாள் தராசு. “பிரேக். அந்த வீடியோவுல அவர் ஒவ்வொரு தடவையும் பிரேக் போட்டிருக்கார்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அப்பா... ரெண்டு வருஷமா... உங்களுக்கு எல்லாம் புரிஞ்சுதாப்பா?”

“சரி.” கால் அமைதியாக இருந்தது.

வெடி மூக்கை உறிஞ்சினான். கியர் அக்கா முந்தானையை எடுத்துக்கொண்டாள். ஒரே ஒருவர் மட்டும் சந்தோஷப்படவில்லை.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா, மேடம்?” என்றார் வக்கீல்.

“இன்னும் இல்ல. ஏன்?”

“நம்ம மனு என்ன சொல்லுது? பெரியவருக்கு எதுவும் புரியாது, அதனால தானப் பத்திரம் செல்லாதுன்னு சொல்லுது. இப்ப நீங்க வந்து, எல்லாம் புரியுதுங்கறீங்க. புரியுதுன்னு நாளைக்கு நாமளே சொன்னா, எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து நன்றி சொல்லிட்டு உக்காந்துடுவார். புரிஞ்ச மனுஷர் சரின்னு சொன்னார், ரேகை வச்சார். கேஸ் முடிஞ்சுது.”

“வாய்தான் சரின்னு சொல்லுச்சு. கால் வேணாம்னு சொல்லுச்சே!”

“கால் சொன்னது சாட்சியம் இல்ல. அது இழுப்பு. தன்னிச்சையானது, அர்த்தமில்லாததுன்னு டாக்டர் சர்டிஃபிகேட் இருக்கு. அதைத் தாக்கல் பண்ணினது யாரு? நாம. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கோம்.”

“புது டாக்டரைக் கூப்பிடலாம்.”

“கூப்பிடலாம். வாய்தா கேட்கலாம். அதுக்குள்ள நாளைக்கு சாயந்திரம் இந்தக் கூடத்துல ஃப்ளாட்காரங்க பூட்டு தொங்கும்.” வக்கீல் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உண்மையைச் சொன்னா நாளைக்குத் தோத்துடுவோம், மேடம். அவருக்கு ஒண்ணும் புரியாதுன்னு சொன்னாத்தான் வீடு நிக்கும்.”

தராசு எதையும் நிறுத்துப் பார்ப்பவள். இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள். தட்டு எந்தப் பக்கமும் சாயவில்லை.

“சரி, விடுங்க மேடம்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் மகள். “எனக்குத் தெரிஞ்சா போதும், எங்கப்பாவுக்குப் புரியுதுன்னு. கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாம்.” குனிந்து அப்பாவின் காதோரம் பேசினாள். “அப்பா, நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க. நாளைக்குத் தடை வாங்கிடுவோம். அப்புறம் கோர்ட்டே என்னை உங்களுக்குக் காப்பாளரா போட்டுடும். இந்த வீட்டை நல்ல விலைக்குக் கொடுத்துட்டு, என் ஆபீஸ் பக்கத்துலயே லிஃப்ட் வச்ச ஃப்ளாட் ஒண்ணு வாங்கிடலாம். உங்களுக்குன்னு தனி ரூம். என்னப்பா?”

“சரி,” என்றார் வாத்தியார்.

தொப்.

மகள் நிமிர்ந்தாள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தரையில் இருந்தது. தராசு சொன்னபடியே.

“தனி ரூம்ப்பா,” என்றாள் மகள் மறுபடியும், குரல் கொஞ்சம் உயர. “ஜன்னல் வச்ச ரூம். நான் பக்கத்துலயே இருப்பேன்.”

“சரி, சரி.”

தொப். தொப்.

அவள் நாற்காலியை விட்டு ஓரடி விலகி நின்றாள். பேசியபோது, அது மத்தியானம் பேசிய அதே குரல்.

“அது இழுப்பு,” என்றாள். “அப்பப்ப வரும்.”

“அம்மா...” என்று ஆரம்பித்தான் வெடி.

“இழுப்புன்னு சொன்னேன்ல? டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்.” அவள் தராசின் பக்கம் திரும்பினாள். “மேடம், உங்களுக்கு என்ன? ஒரு நாள் வந்தீங்க, காலைப் பார்த்தீங்க, போறீங்க. இந்தப் பழைய வீட்டுல நாலு படி ஏறி இறங்கி, வழுக்குற பாத்ரூம்ல ஒரு ஆம்பளையைத் தாங்கிப் பிடிச்சு, அதுக்கப்புறம் ரெண்டு பஸ் மாறி ஆபீஸ் போறது யாரு? என் முதுகைப் பத்தி எந்தக் கோர்ட் கேட்கும்? இங்கேயே இருக்கணும்னா யார் இருந்து பார்ப்பாங்க? இவங்களா?” என்று கியர் அக்காவைக் காட்டினாள்.

மகள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

“நான் கோர்ட்ல சாட்சி சொல்லுவேன்,” என்றாள் தராசு, தன் குரல் தனக்கே நம்பிக்கை தராமல்.

“யாருக்காக, மேடம்?” என்றார் வக்கீல் மெதுவாக. “நாங்க உங்களைக் கூப்பிட மாட்டோம். மகன் தரப்பு தாராளமா கூப்பிடும். அப்பாவுக்கு நல்லாப் புரியுதுன்னு நீங்க சொல்ற வரைக்கும் சந்தோஷமா கேட்டுப்பாங்க. காலைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சதும் எங்க சர்டிஃபிகேட்டை எடுத்து நீட்டிடுவாங்க.”

“மூணாவதா ஒரு தரப்பு இருக்கே சார்,” என்றான் வெடி. “அவரோட தரப்பு. அதுக்கு யாரு?”

“அதுக்குத்தான் காப்பாளர் வேணும்னு மனு. மனு போட்டது இவங்க.”

வெடி அதற்கு ஏதாவது சொல்லுவான் என்று தராசு காத்திருந்தாள். அவன் சரிந்து விழுந்த அட்டைப் பெட்டியை எடுத்து மறுபடி அடுக்கினான்.

கியர் அக்கா மட்டும் இன்னும் நாற்காலியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். வாத்தியாரின் பாதி செயலிழந்த வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். “சார்,” என்றாள். “வீடு உங்ககிட்டயே இருக்கட்டுமா? யாருக்கும் கொடுக்காம, விக்காம, உங்களுக்கே?”

வாத்தியார் அவளைப் பார்த்தார்.

“சரி,” என்றார்.

சத்தம் வரவில்லை. கால் அசையாமலும் இல்லை. குதிகால் தரையில் நிற்க, பாதம் மட்டும் மெல்ல மேலெழுந்தது. முன்னால் தடையொன்றும் இல்லை, வண்டி போகலாம் என்று பிரேக்கை விடுகிற மாதிரி. எழுந்து, அப்படியே காத்திருந்தது.

மகள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“வக்கீல் சார், அந்த ரேகையை வாங்கிடுங்க. நேரமாச்சு.”

“என்ன ரேகை?” என்றாள் தராசு.

“காப்பாளர் மனுவோட நோட்டீஸ்,” என்றார் வக்கீல், யார் முகத்தையும் பார்க்காமல். “பெரியவருக்கு எதுவும் புரியலைன்னு மனு போட்டிருக்கோம்னு அவருக்குத் தெரிவிக்கணும். தெரிஞ்சுக்கிட்டார்னு அவர் ரேகை வைக்கணும். அதுதான் நடைமுறை.”

மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வெடி ஒரு வாரம் பிழைப்பான். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

வக்கீல் மைப் பெட்டியைத் திறந்தார். மகள் அப்பாவின் இடது கட்டை விரலைப் பிடித்தாள், மிருதுவாக, நகத்தில் மை படாமல். இரண்டு வருஷமாக அந்தக் கையைக் கழுவித் துடைத்த பழக்கம் அது.

“சரி... சரி...” என்று தொடங்கினார் வாத்தியார்.

தராசும் வெடியும் கியர் அக்காவும் வெளியே வந்தார்கள். நாலு படி இறங்கினார்கள். ஸ்கூல் கார் வாசலில் நின்றது. கியர் அக்கா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, சாவியைப் போடாமல், அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“வெடி,” என்றாள் தராசு. “ஏதாவது சொல்லேன்.”

“சரி, பாஸ்,” என்றான் வெடி.

சாத்திய ஜன்னலைத் தாண்டி அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. அப்புறம், பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்த மாதிரி, ஒன்றுமே கேட்கவில்லை.

உள்ளே எதுவும் நிற்கவில்லை.